பங்கேற்பாளர் 7

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பயிலரங்கு நடக்கும். ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் என்பது தலைப்பு. பத்தரைக்கு டீ, மத்தியானம் பிரியாணி. நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில் அதை 'பிரேயாணி' என்பார்கள். உள்ளே பருப்பு போட்டிருக்கும். என் திருநெல்வேலி நாக்கு இத்தனை வருடமாகியும் அதோடு சமாதானமாகவில்லை. இந்த ஆண்டு பயிலரங்கை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள், கருத்துத் திருட்டு, படங்களை வெட்டி ஒட்டுவது பற்றிய ஸ்லைடுகள் எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. ஒரே ஒரு ஸ்லைடில் மட்டும் மூன்று வாரமாக நிற்கிறேன். 'யார் பெயரைப் போடலாம்?' என்று மேலே எழுதியிருக்கிறேன். கீழே என்ன எழுத உட்கார்ந்தாலும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு வராந்தாவும், பிளாஸ்டிக் நாற்காலியும், அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆயாவும்தான் கண்ணுக்குள் வருகிறார்கள்.

எங்கள் ஊரில் ஆச்சி என்போம். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டிக்கு ஆயா என்றுதான் பெயர். வட ஆற்காட்டிலிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு வந்த சொல்லாக இருக்க வேண்டும். தமிழ் பேச்சிலிருந்து நழுவிப்போன வீடுகளில்கூட அந்த ஒரு சொல் தங்கியிருக்கிறது.

இந்த மாதிரிப் பயிலரங்குகளில் கைதட்டல் வாங்குவது போலி இதழ்கள் பற்றிய கதைகள்தான். நானும் சேர்த்திருக்கிறேன். போலந்து ஆய்வாளர்கள் சிலர் உலகத்தில் இல்லாத ஒரு பெண்மணியைப் பொய்ப் பட்டங்களோடு உருவாக்கி, 'உங்கள் இதழுக்கு எடிட்டராக வரலாமா?' என்று 360 இதழ்களுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அன்னா ஓ. ஷுஸ்ட் என்ற அந்தப் பெயரில் முதலெழுத்தையும் சேர்த்து வாசித்தால் போலிஷ் மொழியில் மோசடிக்காரர் என்று அர்த்தம். 48 இதழ்கள் வேலை கொடுத்துவிட்டன. இந்தக் கதை 2017ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. அதே ஆண்டு யோஹான் மூட்டன், ஆஸ்ட்ரிட் வாலன்டைன் என்ற இருவர் இந்த நாட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் எழுதிய 4,246 கட்டுரைகள், போலி என்று சந்தேகப்படத்தக்க 48 இதழ்களில் வந்திருந்தன. (இரண்டு இடத்திலும் 48 என்பது தற்செயல்தான். எனக்கும் சந்தேகம் வந்து திரும்பப் பார்த்தேன்.)

ஏன் இப்படி என்று இங்கே வேலை செய்கிற யாரையும் கேட்க வேண்டியதில்லை. சப்சிடி. அங்கீகாரப் பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரை வந்தால் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்குப் பணம் தருகிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு யூனிட். ஒரு யூனிட் ஒரு லட்சம் ராண்டைத் தாண்டும். எழுதியவர்கள் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் என்றால் பங்கு பிரியும். எல்லாரும் ஒரே இடம் என்றால் பிரியாது. அதாவது, சொந்தத் துறைக்குள்ளேயே இன்னொருவர் பெயரைச் சேர்த்தால் பல்கலைக்கழகத்துக்குக் காலணா நஷ்டமில்லை. பந்தியில் இன்னொரு இலை போடுவது மாதிரிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆனால் என் கதை போலி இதழ் கதை இல்லை. என் கட்டுரை வந்தது நல்ல இதழ். மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர் என்னைப் பிழிந்தெடுத்தார்கள். நான்கு முறை திருத்தினேன். எதிக்ஸ் கமிட்டி அனுமதி எண் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. திருட்டு எழுத்தைத் தேடும் டர்னிட்டின் மென்பொருள் கட்டுரையைத் துருவிவிட்டு ஒன்றுமில்லை என்றது. எல்லாம் முறைப்படி. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பனவெல்லமும் ஆலைப் பாகும்

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தும் பத்தியமும் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியில் இத்தனை தலைமுறையில் எப்படி மாறியிருக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. 2019ல் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளில் 14 பெண்களிடம் பேசினேன். ஏழாவதாகப் பேசியவருக்கு அப்போது 84 வயது. டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் 1960களில் அந்த ஜனங்களையெல்லாம் கிளப்பிச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் வைத்தபோது, கையில் ஒரு குழந்தையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக வந்தாராம். சாட்ஸ்வர்த்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று யூனிட்டுகளாகப் பிரித்திருந்தார்கள். தெருக்களுக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். "லெட்டர்ல ரோடு நம்பரு போட்டா வந்துரும், ஊட்டு நம்பரு போட்டா வந்துரும், பேரு போட்டா வராது" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது அதை நான் ஒரு சுவையான தகவலாகக் குறித்துக்கொண்டேன்.

மற்ற 13 பேரும் எனக்குப் பட்டியல் கொடுத்தார்கள். சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு. இவர் பட்டியல் கொடுக்கவில்லை, விளக்கம் கொடுத்தார். அவருடைய ஆயா காலத்தில் கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் பனவெல்லம் எங்கே கிடைக்கும்? ஆலையிலிருந்து பாகு வாங்கி வருவார்களாம். திப்பிலி தீர்ந்துபோய் அடுத்த கப்பல் வரும்வரை மிளகைக் கூட்டிக்கொள்வார்களாம். வெள்ளைச் சர்க்கரை மட்டும் ஆகாது. "பனவெல்லம் சூடு குடுக்கும், பாகும் குடுக்கும். சக்கரை குடுக்காது." அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார். என் ஒலிப்பதிவில் நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் இருக்கிறது.

"மருந்து மாறலே கண்ணு. எதுக்கு எது பதிலுன்னு எங்க ஆயா சொல்லிக்குடுத்தா. அது தெரிஞ்சா எந்த ஊர்ல இருந்தாலும் அதே மருந்துதான்."

கேட்ட அந்த நிமிடமே எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து இரவு பன்னிரண்டு மணிவரை எழுதினேன். கட்டுரையின் ஆய்வுரைப் பகுதி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது பொருள்களின் பட்டியல் இல்லை, எதற்கு எது ஈடு என்ற விதிதான் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு மிடுக்கான பெயரும் வைத்தேன். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் 'இந்தக் கருத்தாக்கம் ஆசிரியரின் அசலான பங்களிப்பு' என்று குறிப்பு எழுதினார். அதைப் படித்து அன்றைக்கு முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அவருடைய வேறு இரண்டு மேற்கோள்கள் கட்டுரையில் உண்டு. 'பங்கேற்பாளர் 7, பெண், 84'. நாற்பத்தொன்றாவது நிமிடம் மட்டும் மேற்கோளாக இல்லை. அது என் குரலில் இருந்தது.

இரண்டாவது பெயர்

கட்டுரையில் இரண்டு ஆசிரியர்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது, அப்போது எனக்கு மேலே இருந்த பேராசிரியர். நல்ல மனிதர். என் விசாவுக்குக் கடிதம் எழுதித் தந்தவர், ஒப்பந்தத்தை மூன்று முறை நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டவர். தமிழ் தெரியாதவர், அதனால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன். கட்டுரை வரைவை அனுப்பியபோது எங்கோ விமான நிலையத்திலிருந்து 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி பதில் போட்டார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. அவர் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நானாகப் போட்டேன். துறையில் எல்லாரும் போடுவார்கள். போடாமல் விட்டால்தான் என்னவோ சொல்ல வருகிறோம் என்று அர்த்தம்.

விதி என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு ஒன்று 1978ல் வான்கூவரில் கூடியதிலிருந்து வளர்ந்து வந்த விதிகள்தான் இன்றைக்குப் பல துறை இதழ்களுக்கும் அடிப்படை. நான்கு நிபந்தனை. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தகவல் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நிதி வாங்கித் தந்தேன், பொதுவாக மேற்பார்த்தேன் என்பது போதாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரையை ஏற்றும்போது இதழின் இணையதளம் இன்னொரு படிவம் காட்டும். யார் என்ன செய்தார்கள் என்று 14 வகைப் பங்களிப்புகள், கட்டம் கட்டமாக. பேராசிரியருக்கு எதை டிக் செய்வது என்று தேடினேன். 'மேற்பார்வை' இருந்தது. டிக் செய்தேன். 'இருவரும் ஆசிரியர் தகுதிக்குரிய நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கிறோம்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பதினான்கில் 'வளங்கள்' என்று ஒன்று உண்டு. ஆய்வுக்கு வேண்டிய பொருள்கள், கருவிகள், மாதிரிகள், விலங்குகள், நோயாளிகள் இவற்றை ஏற்பாடு செய்து தந்தவருக்கு அந்தக் கட்டம். விளக்கத்தில் அப்படியேதான் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நோயாளிகளைக் கூட்டி வந்தவருக்குக் கட்டம் இருக்கிறது. நோயாளிக்கு இல்லை. பயிலரங்குக்காக இந்த மாதம் திரும்ப வாசித்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது. அன்றைக்குப் படவில்லை.

"இது நான் சொன்னதில்ல?"

ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வு முடிந்ததும் முடிவுகளை உங்களுக்குத் தெரிவிப்பேன்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் யாரும் தெரிவிப்பதில்லை. கட்டுரை 2022ல் வெளியானதும் ஒரு சனிக்கிழமை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வுரைப் பகுதிக்கு வந்தேன். எதற்கு எது ஈடு என்ற விதிதான் கைமாறுகிறது என்று வாசித்தேன். கண்ணைத் திறந்தார்.

"இது நான் சொன்னதில்ல?"

"ஆமா ஆயா, நீங்க சொன்னதுலேருந்துதான் எனக்குத் தோணிச்சு" என்றேன். சொல்லும்போதே அந்தத் 'தோணிச்சு' தொண்டையில் இடறியது.

"அப்ப இதுல நான் எங்க இருக்கேன்?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பேரன் ஆங்கிலத்தில் வாசித்தான். பார்ட்டிசிபன்ட் செவன். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கோபப்படவில்லை. பேரனிடம் உள்ளேயிருந்து எதையோ எடுத்துவரச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் கப்பல் பட்டியலின் நகல். 1860க்கும் 1911க்கும் நடுவே ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. முதல் கப்பல் வந்து 150 ஆண்டு ஆனதைக் கொண்டாடிய 2010ல் குடும்பம் குடும்பமாக இதைத் தேடி எடுத்தார்கள். இந்தியத் தூதரகத்தில் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். ஆயா தன் தாத்தாவின் வரியில் விரல் வைத்தார். ஐந்திலக்க எண். பார்க்காமலே ஒப்பித்தார், நாம் போன் நம்பர் சொல்வதுபோல.

"அவருக்கு நம்பரும் போட்டான், பேரும் போட்டான்" என்றார். "பேரு தப்பாத்தான் போட்டான். ஆனா போட்டான்."

நான் அன்றைக்கு டீ குடித்தேனா என்று நினைவில்லை.

எதிக்ஸ் கமிட்டியைத் திட்டி இதைத் தாண்டிப் போய்விடலாம். அது நியாயமில்லை. இந்த நாட்டில் ஆய்வு நெறிகள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கலகாரிப் பாலைவனத்து சான் மக்கள் நெடும்பயணத்தில் பசி தெரியாமலிருக்க ஹூடியா என்ற செடியை மென்றுவந்தார்கள். அரசு ஆராய்ச்சி நிறுவனம் அவர்களைக் கேட்காமலே அதற்குக் காப்புரிமை எடுத்தது. லாபத்தில் பங்கு என்ற ஒப்பந்தம் 2003ல்தான் வந்தது. 2017ல் சான் மக்கள் தங்களைத் தேடி வரும் ஆய்வாளர்களுக்காகத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்று எளிய சொற்கள். பெயரை மறைப்பதும் காரணமில்லாமல் வந்ததில்லை. என்னுடைய மூன்றாம் பங்கேற்பாளர் தன் மாமியாரின் கைமருந்து பற்றிச் சொன்னதைப் பெயரோடு போட்டிருந்தால் பீனிக்ஸில் ஒரு குடும்பம் இரண்டாகியிருக்கும்.

ஆனால் நான் எழுதிய முதல் ஒப்புதல் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'என் பெயரைக் குறிப்பிடலாம்', 'என் பெயர் வேண்டாம்'. கமிட்டியின் மாதிரிப் படிவத்தில் இரண்டாவது மட்டும்தான் உண்டு. முதல் கட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் காரணம் எழுதி, இன்னொரு கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதம். என் ஒப்பந்தம் முடிய ஏழு மாதம்தான் இருந்தது. அழித்துவிட்டேன். யாரையும் பாதுகாப்பதற்காக இல்லை, நேரத்துக்காக. அப்புறம் அதே 'பாதுகாப்பு' எனக்கு இன்னொரு விதத்தில் வசதியாகிவிட்டது. பெயரில்லாத ஒருவர் சொன்ன கருத்தை என்னுடையதாக்குவது எவ்வளவு சுலபம்! எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. அது எங்கேயும் அச்சாகவில்லை, ஒரு வராந்தாவில் பேசியது.

திருத்தக் குறிப்பு

அடுத்த வாரம் இதழின் எடிட்டருக்கு எழுதினேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. கண்ணியமான பதில். திருத்தக் குறிப்பு வெளியிடலாம், ஆனால் மூன்று விஷயம் வேண்டும் என்றார். அந்த அம்மாவின் புதிய ஒப்புதல், எதிக்ஸ் கமிட்டியின் திருத்திய அனுமதி, இரு ஆசிரியர்களின் சம்மதம். பேராசிரியரின் சம்மதம் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. 'ஆட்சேபணை இல்லை.' கமிட்டிக்கு ஐந்து மாதம் ஆனது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, இங்கே எல்லாரும் பொப்பியா என்பார்கள், அதைக் காட்டி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 'பங்கேற்பாளருக்குத் தன் பெயர் வெளியாவதன் விளைவுகள் புரிகிறதா?' என்று ஒரு கேள்வி. அதை ஆயாவிடம் போய்க் கேட்டேன். "எண்பத்தேழு வயசுல இனிமே என்ன விளைவு?" என்றார். பதிலை அப்படியே எழுதி அனுப்பினேன். அனுமதி வந்தது.

அதே கடிதத்தில் இரண்டாவது பெயரைப் பற்றியும் நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வெளியான கட்டுரையிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வழிமுறை இருக்கிறது. 1997ல் பிரிட்டனில் சில மருத்துவ எடிட்டர்கள் சேர்ந்து தொடங்கிய கோப் என்ற அமைப்பு அம்புக்குறி போட்ட படங்களாகவே வரைந்து வைத்திருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்ன சொல்வேன்? அவர் ஒன்றும் செய்யவில்லை என்றா? அப்படியானால் அவர் செய்தார் என்று கையெழுத்துப் போட்டது யார்? எந்த அம்புக்குறியைப் பிடித்துப் போனாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

திருத்தக் குறிப்பு எட்டே வரி. பங்கேற்பாளர் 7 என்று வரும் இடங்களில் அவருடைய பெயர். ஆய்வுரையின் மையக் கருத்து அவரிடமிருந்து நேர்ப்பேச்சில் பெறப்பட்டது என்று ஒரு வாக்கியம். நன்றியுரையில் அவர் பெயர். இவ்வளவு சொல்லிவிட்டு இங்கே நான் ஏன் அந்தப் பெயரை எழுதவில்லை என்று கேட்பீர்கள். கேட்டேன். "புக்குல போடு கண்ணு, பேஸ்புக்குல போடாதே" என்றுவிட்டார். இது பேஸ்புக் இல்லை, வலைப்பதிவு என்று விளக்கிப் பார்த்தேன். கையை வீசினார்.

குறிப்பு வந்ததும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பேரன் வாசித்தான். அவர் வாங்கி, தன் பெயர் இருந்த வரியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அடையாள அட்டையில் இருக்கிற எழுத்துப்படியே போட்டிருந்தார்கள், அதாவது தப்பாக. தாத்தாவின் பெயரை எழுதிய குமாஸ்தாவின் வாரிசுகள் அடையாள அட்டை அலுவலகத்திலும் இருந்திருப்பார்கள் போல. அவர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, கப்பல் பட்டியலுக்குப் பின்னால் வைக்கப் போனவர், நின்று, திரும்ப வெளியே எடுத்தார். மேலே கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நீ. இந்த ரெண்டாவது பேரு யாரு?"

"எங்க புரொபசர், ஆயா."

"அவரு எப்ப வந்தாரு நம்ம ஊட்டுக்கு?"

"வரலை ஆயா. அவர் வரவே இல்லை."

கொஞ்ச நேரம் யோசித்தார். பேரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்படியா. சரி, ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வா. வந்து சாப்பிட்டுப் போகட்டும்."

இன்னும் பேராசிரியரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை பயிலரங்கு. தொடக்கவுரை அவருடையது, முன்வரிசையில் இருப்பார். அந்த ஸ்லைடில் இப்போதைக்குத் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது.